தோழமையின் எல்லை

சித்திரைப் புத்தாண்டு பிறந்து பதினொரு நாள்கள் கழிந்ததும், நாம் வாழும் இந்நாட்டில் இன்னொரு பெருநாள் விடிகின்றது. ஏப்ரல் 25ஆம் நாள், இருள் பிரியாத வைகறைப் பொழுதிலே, இலையுதிர்காலக் குளிரையும் பொருட்படுத்தாது, முதியோரும் இளையோரும் கைக்குழந்தைகளை ஏந்திய தாய்மாரும் போர் நினைவுச் சின்னங்களின் முன்னே கூடி நிற்கின்றனர். எக்காளம் ஒலித்து அடங்குகின்றது. அதன் பின் சிறிது நேரம் எவரும் பேசுவதில்லை. அன்சாக் தினம் என இந்நாட்டவர் போற்றும் நாள் அது.

அந்நாள் நெருங்குகையில் எமது பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலையிலிருந்து கடதாசியிற் செய்த செந்நிறப் பொப்பி மலரோடு வீடு திரும்புகின்றனர். "அப்பா, நாங்களும் விடியப்புறம் அங்கை போவமே?" என்று கேட்கின்றனர். "அது அவையின்ரை நாள். எங்களுக்கென்ன?" என்பதே பெரும்பாலான வீடுகளிற் கிடைக்கும் விடை. என் வீட்டிலும் ஒரு காலத்தில் அவ்விடையே கிடைத்தது.

அவ்விடை ஏன் எழுகின்றது என்பது எம்மில் எவருக்கும் விளங்காததன்று. நாம் விட்டு வந்த மண்ணிலே படையினன் என்றால் சோதனைச் சாவடி. நடுங்கும் கையால் நீட்டிய அடையாள அட்டை. நள்ளிரவில் ஒழுங்கையிற் கேட்ட சப்பாத்தொலி. சீருடையைக் கண்டால் ஒதுங்கி நடக்கப் பழகியவர்கள், சீருடைக்கு மலர் சூட்டும் கூட்டத்தோடு போய் நிற்பது எளிதன்று. எனினும் "எங்களுக்கென்ன?" என்னும் அவ்விடை பிழையானது என்பதே இன்று என் துணிபு. ஒரு நாட்டுப் படையின் இயல்பை அந்நாட்டுச் சமுதாயமே வகுக்கின்றது. எனவே, இந்நாட்டுப் படைவீரனை அறிவது நாம் குடியேறிய சமுதாயத்தை அறிவதாகும். அவ்வாறு அறியப் புகின், எமக்கும் அந்நாளில் ஒரு பங்குண்டு என்பது தெளிவாகும்.

குணம் பிறந்த இடம்

1915 ஏப்ரல் 25ஆம் நாள் விடியற்காலையில், துருக்கி நாட்டின் கலிப்பொலிக் கரையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் இறங்கினர். எட்டு மாதங்கள் அந்தச் செங்குத்தான மலைச்சரிவுகளைப் பற்றிக்கொண்டு போராடினர். அவுஸ்திரேலியருள் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறுதியில், அவ்வாண்டு டிசெம்பரில், எஞ்சியோர் இரவோடிரவாகப் பின்வாங்கினர்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கலிப்பொலி ஒரு தோல்வி. உலகில் எத்தனையோ நாடுகள் தாம் பெற்ற வெற்றிகளைக் கொண்டாட, இந்நாடோ தான் தோற்ற களத்தைத் தன் தலையாய நினைவாக வைத்திருக்கின்றது. பிறநாட்டைப் பணியவைத்த பெருமிதம் அந்நாளில் முதன்மை பெறுவதில்லை. பக்கத்தில் நின்றவனைக் கைவிடாத பண்பே அங்கு நினைக்கப்படுகின்றது. அதனை இவர்கள் 'மேட்சிப்' என்பர். நாம் தோழமை எனலாம்.

அக்களத்தின் புகழ்பெற்ற மனிதர் வாளேந்திய தளபதி அல்லர். ஒரு கழுதையை ஓட்டிய சாதாரண மருத்துவப் பணியாளர். ஜோன் சிம்சன் கேர்க்பற்றிக் என்னும் அவர் இங்கிலாந்திலே பிறந்தவர்; கப்பலை விட்டோடி இந்நாட்டிற் கூலிவேலை செய்தவர். காயமுற்றோரைக் கழுதை மீதேற்றிக் கடற்கரைக்குக் கொணர்ந்தார். தம் படைப்பிரிவினரோடு தங்காது, இந்தியக் கோவேறு கழுதைப் படையினரோடு தங்கினார். கரையிறங்கி ஒரு மாதம் ஆகுமுன்னரே, மே 19ஆம் நாள், குண்டுபட்டு இறந்தார். மெல்பேண் நினைவாலயத்தின் அருகே கழுதையோடு நிற்கும் அவரது சிலையை இன்றும் காணலாம். வந்தேறிய ஒரு கூலியாளை ஒரு நாடு தன் வீரத்தின் உருவமாகக் கொண்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இக்குணம் எங்கிருந்து வந்தது? போர் வரலாற்றை எழுதிய சார்ள்ஸ் பீன், காடும் வெளியும் நிறைந்த உள்நாட்டு வாழ்க்கையே இவ்வீரனை வார்த்தது எனக் கருதினார். அது முழு உண்மையன்று என்பேன். படையிற் சேர்ந்தோருட் பெருந்தொகையினர் மெல்பேண், சிட்னி போன்ற நகரங்களின் தொழிலாளரும் எழுதுவினைஞருமே. அவர்களை வார்த்தது அவர்கள் வளர்ந்த சமுதாய ஒழுங்கு. 1856ஆம் ஆண்டிலே மெல்பேணின் கற்றச்சர்கள் வேலையை நிறுத்தி, நாளுக்கு எட்டு மணித்தியால வேலை என்னும் உரிமையைப் பெற்றனர். அதே ஆண்டில் விக்ரோறியாவில் இரகசிய வாக்குமுறை சட்டமாயிற்று. தொழிலாளி முதலாளியை நேர்நின்று நோக்கிப் பேசும் நாட்டிலே பிறந்தவன், சிப்பாயான பின்னும் அதிகாரியை நேர்நின்றே நோக்கினான்.

கட்டளையும் மனச்சாட்சியும்

முதலாம் உலகப் போரின்போது இந்நாட்டின் சனத்தொகை ஐம்பது இலட்சத்துக்கும் குறைவு. அவர்களுள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மீளவில்லை. இத்தனை பேரும் தாமாக முன்வந்தோரே. பிரதம மந்திரி பில்லி ஹியூஸ் கட்டாய இராணுவ சேவையைக் கொணர விரும்பி, 1916இலும் 1917இலும் மக்களின் கருத்தைக் கேட்டார். மெல்பேண் கத்தோலிக்கப் பேராயர் டானியல் மனிக்ஸ் உட்படப் பலர் எதிர்த்துக் குரலெழுப்பினர். மக்கள் இரு முறையும் 'வேண்டாம்' என்றனர். 1916இற் போர்முனையில் நின்று வாக்களித்த வீரர்களுள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து பேர் 'வேண்டாம்' என்றே கூறினர். தாம் விரும்பி வந்த இடத்துக்கு விரும்பாத ஒருவனைக் கட்டியிழுத்து வருதல் முறையன்று என அவர்களுட் பலர் எண்ணியிருத்தல் கூடும்.

இன்னொரு செய்தி இதனினும் பெரியது. அப்போரிலே பிரித்தானியப் படை, களத்தை விட்டோடியமை முதலிய குற்றங்களுக்காகத் தன் வீரர் முந்நூறு பேருக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. அவுஸ்திரேலியப் படையினருள் 121 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர்மீதேனும் அது நிறைவேற்றப்படவில்லை. 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பிரித்தானியத் தளபதிகள் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியபோதும் இந்நாட்டு அரசாங்கம் இணங்கவில்லை. தானாக வந்த குடிமகனை அவனது அச்சத்துக்காகக் கொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அதன் உட்பொருள்.

1918 செப்ரெம்பரில், ஆளணி குறைந்துபோன சில படையணிகளைக் கலைக்குமாறு கட்டளை பிறந்தது. விக்ரோறியாவைச் சேர்ந்த 37ஆம் படையணி உட்படச் சில அணிகளின் வீரர்கள் அதற்குப் பணிய மறுத்தனர். அவர்கள் ஓடவில்லை, குழப்பம் விளைவிக்கவும் இல்லை. தமக்குத் தாமே தலைவரைத் தெரிந்து, ஒழுங்கு தவறாது, "இதே பெயரோடு எம்மை அடுத்த போருக்கு அனுப்புங்கள்" என்று நின்றனர். வேறு படைகளில் இது கொலைத்தண்டனைக்குரிய கலகம். இங்கோ கட்டளை ஒத்திவைக்கப்பட்டது. அவர்கள் அவ்வாறே போருக்குச் சென்றனர்.

கீழ்ப்படிவது மட்டுமே ஒழுக்கம் எனக் கற்று வளர்ந்த எமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். கேள்வி கேட்கும் பிள்ளையை 'வாய்காட்டுபவன்' என்போம். ஆனால், காரணம் அறிந்து செய்பவனே கடைசிவரை நிலைத்து நிற்கின்றான் என்பதற்கு இவ்வீரர்களே சான்று.

எமது ஊரின் பெயர்

அக்கட்டளையை ஒத்திவைக்க இணங்கிய தளபதியின் பெயரை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். கிளென் வேவர்லியில் உங்கள் வீட்டுக்கு வரும் மாநகரசபைக் கடிதத்தின் தலைப்பிலும், தந்தையார் வேலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் பலகையிலும், அண்ணன் அக்காமார் கற்கும் பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் அப்பெயர் உண்டு. வேவர்லியும் ஓக்லியின் பெரும்பகுதியும் இணைந்து 1994இல் உருவான எமது மாநகரம் மொனாஷ் என்னும் பெயர் பெற்றது.

ஜோன் மொனாஷ் 1865இல் மெல்பேணிற் பிறந்தவர். அவருடைய பெற்றார் பிரஷ்ய நாட்டிலிருந்து குடியேறிய யூதர்கள். அவர் தொழிலாற் பொறியியலாளர். ஓய்வு நேரத்திலே தொண்டர் படையிற் பயின்றவர். 1918இல் அவுஸ்திரேலியப் படைப்பிரிவு முழுவதற்கும் அவரைத் தலைவராக்கியபோது, அவருடைய குலத்தையும் மரபையும் கருதி மாற்ற முயன்றோரும் உளர். முன்னர்க் குறிப்பிட்ட சார்ள்ஸ் பீன் அவர்களுள் ஒருவர். தாம் பிழை செய்ததைப் பீன் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், பிரான்சின் ஹமெல் என்னுமிடத்தில் மொனாஷ் நடத்திய போர் தொண்ணூறு நிமிடங்களில் முடியுமாறு திட்டமிடப்பட்டது. தொண்ணூற்று மூன்று நிமிடங்களில் முடிந்தது. மனித உடல்களை எதிரியின் துப்பாக்கிக்கு முன் வீசுவது போரன்று என்பது அவர் கொள்கை. கவச வாகனங்களும் பீரங்கிகளும் விமானங்களும் முன்னின்று வழிசெய்ய, காலாட்படை இயன்றவரை குறைந்த இழப்போடு முன்னேற வேண்டும் என்றார். திட்டத்தை மறைத்து வைக்காது கீழ்நிலை வரை விளக்கினார். போர் முடிந்தபின் விக்ரோறியாவின் மின்சார ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி, எமது வீடுகளுக்கு ஒளி வரும் வழியை வகுத்தார். 1931இல் அவர் மறைந்தபோது இரண்டரை இலட்சம் பேர் இறுதி ஊர்வலத்திற் கூடினர் என மதிப்பிடுவர்.

குடியேறியோரின் பிள்ளை, வேற்றுச் சமயத்தவர், ஐயுறவோடு நோக்கப்பட்டவர். அவரே இந்நாட்டின் தலைசிறந்த தளபதியானார். மக்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் கடல் கடந்த நாடுகளிற் பிறந்தோராக உள்ள இம்மாநகரத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை.

மரணப் பாதையில் இரு கூட்டத்தார்

இனி, எமது இனத்தின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரிலே 1942இற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், யப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையைக் காடு வெட்டி அமைக்கத் தொடங்கினர். 1943 ஒக்ரோபரில் அது நிறைவுற்றது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வதைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 13,000 பேர் அவுஸ்திரேலியர்; ஏறத்தாழ 2,800 பேர் அங்கேயே மாண்டனர்.

அவர்களோடிருந்த வைத்தியர்களுள் ஒருவர், விக்ரோறியாவின் வங்கரட்டாவிற் பிறந்த எட்வேட் 'வியறி' டன்லொப். அதிகாரிகளுக்கு யப்பானியர் கொடுத்த சொற்ப ஊதியத்திற் பெரும்பங்கைப் பொதுநிதியாகச் சேர்த்து, நோயாளருக்கு முட்டையும் மருந்தும் வாங்கும் வழக்கத்தை அவர் வற்புறுத்தினார். அதிகாரிக்கு ஒரு நீதி, சிப்பாய்க்கு ஒரு நீதி என்பது அங்கே இல்லை. நீரைக் கொதிக்க வைத்தனர். மலக்குழிகளை ஒழுங்காக வெட்டினர். மூங்கிலைச் சீவி மருத்துவக் கருவிகள் செய்தனர். நோயுற்றவனைத் தோழன் சுமந்தான். இறந்தவன் பெயரை எழுதி வைத்தான்.

அதே பாதையில், அதே மழையில், இன்னொரு பெருங்கூட்டமும் உழைத்தது. பர்மியர், மலாயர், சீனர், யாவகத்தார் ஆகியோரோடு, மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர். ஆசியத் தொழிலாளரின் தொகை இரண்டு இலட்சத்துக்கும் மேல். இறந்தோர் 75,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். மதிப்பிட மட்டுமே முடியும். ஏனெனில் எவரும் எண்ணவில்லை. குடும்பம் குடும்பமாகச் சென்ற அவர்களுக்கு வைத்தியரும் இல்லை. தமக்காகப் பேசுவாரும் இல்லை. 1943இல் வாந்திபேதி பரவியபோது கூடாரம் கூடாரமாக மடிந்தனர். அவ்வாண்டிலே சிங்கப்பூரிலிருந்த போர்க்கைதிகளுட் சில வைத்தியரும் பணியாளரும் இக்கூலித் தொழிலாளரைப் பார்க்க அனுப்பப்பட்டனர். அவர்களுள் அவுஸ்திரேலியரும் இருந்தனர். தாமே எலும்புந்தோலுமான கைதிகள், மொழி தெரியாத எம்மவருக்குப் பணிவிடை செய்தனர். நாம் அறிந்து போற்ற வேண்டிய செய்தி அது.

இரு கூட்டத்தாரும் ஒரே வெயிலில், ஒரே எசமானனின் கீழ் வருந்தினர். அவுஸ்திரேலியரின் உடல்வலிமை எம்மவரின் வலிமையினும் பெரிது என்பதற்காக அவர்கள் பிழைக்கவில்லை. அவர்களிடம் ஒழுங்கமைப்பு இருந்தது, வைத்தியர் இருந்தனர், ஒருவனுக்கு ஒருவன் பொறுப்பு என்னும் எண்ணம் இருந்தது. எம்மவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்ற கங்காணி முறையோ பிறர் ஏவலுக்குக் காத்திருக்க மட்டுமே கற்பித்திருந்தது. சமுதாயம் தருவதையே மனிதன் துன்பவேளையிற் கையில் எடுக்கின்றான். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுவே.

இன்னொன்றையும் மறைக்காது கூறுதல் நன்று. யாழ்ப்பாணத்தவராகிய எம்மிற் பலருடைய பாட்டன்மார் அக்காலத்தில் மலாயாவிற் புகையிரத நிலையங்களிலும் கந்தோர்களிலும் பணியாற்றினர். 'மலாயன் பென்சனியர்' என ஊரிலே பெருமை பெற்றனர். தோட்டத்துத் தமிழனை அவர்களுட் பலர் தம்மவனாக எண்ணவில்லை. கூலி என்றே கூறினர். மொழி ஒன்றாயிருந்தும் தோழமையின் வட்டம் அவ்வளவு தூரம் விரியவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலையும் எழுதினர். எமது வீட்டு அலுமாரிகளில் அவற்றை நான் கண்டது அரிது.

வட்டத்துக்கு வெளியே நின்றோர்

இந்நாட்டவரின் தோழமைக்கும் எல்லை இருந்தது. 1901இல் இயற்றிய குடிவரவுச் சட்டத்தினால் வெள்ளையரல்லாதோருக்கு வாயிலை அடைத்தனர். ஆதிக்குடிகளைத் தம்மவராக எண்ணவில்லை. விக்ரோறியாவின் மேற்கே, லேக் கொண்டா என்னுமிடத்தைச் சேர்ந்த லொவெற் சகோதரர் ஐவர் முதலாம் உலகப் போரிற் பங்குபற்றி உயிரோடு மீண்டனர். அவர்களுள் நால்வர் இரண்டாம் உலகப் போரிலும் மீண்டும் சேவையாற்றினர். போர் முடிந்தபின், அவர்கள் பிறந்து வளர்ந்த நிலம் பிரிக்கப்பட்டுப் போர்வீரர் குடியேற்றத்துக்கு வழங்கப்பட்டது. ஹேபேட் லொவெற் தமக்கும் ஒரு துண்டு கேட்டார். மறுத்துவிட்டனர். அகழியிலே தோழன்; ஊருக்கு மீண்டதும் அந்நியன்.

தோழமை திசைமாறினால் மௌனமாகவும் மாறும். 2020 நவம்பரில் வெளியான பிரெரெற்றன் அறிக்கை, ஆப்கானிஸ்தானில் இந்நாட்டு விசேட படையினர் 39 பேரைச் சட்டத்துக்கு மாறாகக் கொன்றனர் என்பதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டெனக் கூறிற்று. தோழனைக் காட்டிக்கொடுக்கலாகாது என்னும் எண்ணமே உண்மையைப் பல்லாண்டு மூடி வைத்தது. எனினும் அம்மூடியைத் திறந்தோருள் அப்படையின் வீரர்களே இருந்தனர் என்பதையும், தன் படைமீதான பழியைத் தானே விசாரித்து அரசு உலகறிய வெளியிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. வழக்குகள் மெல்லவே நகருகின்றன. ஆயினும், அத்தகைய விசாரணைக்காக நெடுங்காலம் காத்திருக்கும் இனத்தவராகிய எமக்கு, அவ்வறிக்கையின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எமது பங்கு

திருக்குறளிலே படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரு அதிகாரங்களை அடுத்து நட்பு என்னும் அதிகாரம் அமைந்திருக்கின்றது. போரில் மாண்டவன் பெயரைக் கல்லிற் பொறித்து நட்டு வழிபடுவது எமது முன்னோர் வழக்கு. தொல்காப்பியம் அதன் படிமுறைகளைக் கூறுகின்றது. இந்நாட்டின் சிற்றூர்களிலும் பெயர் பொறித்த நினைவுக்கல் நாற்சந்தியில் நிற்பதைக் காண்கின்றோம். அதுவும் நடுகல்லே. ஆகவே, அன்சாக் தினம் எமக்கு அந்நியமானதன்று.

என் வேண்டுகோள் இரண்டு. பெற்றார்களே, அடுத்த ஏப்ரல் 25ஆம் நாள் பிள்ளை கேட்டால், அழைத்துச் செல்லுங்கள். சீருடையைப் போற்றுவதற்காகவன்று, கேள்வி கேட்கும் உரிமையையும், பக்கத்தில் நின்றவனைக் கைவிடாத பண்பையும் போற்றுவதற்காக. அதே நாளில் லொவெற் சகோதரரின் கதையையும் கூறுங்கள். எம்மவருக்கென எமக்கு நினைவு நாள்கள் உண்டு. அவற்றுக்கு மாற்றாக இதனை நான் கூறவில்லை.

இரண்டாவது, எமது தமிழ்ப் பாடசாலைக்கு. அந்நாளை அடுத்துவரும் வார இறுதியில், காலைக் கூட்டத்திலே ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். மரணப் பாதையில் மாண்ட அவுஸ்திரேலியருக்காகவும், அவர்கள் அருகே பெயரின்றி மாண்ட தமிழருக்காகவும் ஒருங்கே நிற்போம். உயர்வகுப்பு மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடமும், எம்மிடையே வாழும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களிடமும் கேட்டு, சயாமுக்குச் சென்று மீளாதோரின் பெயர்களைத் திரட்டட்டும். பத்துப் பெயர் கிடைத்தாலும் போதும். அவற்றை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.

மெல்பேண் நினைவாலயத்தின் நடுவே ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் பதினொரு மணிக்குக் கூரையின் துவாரத்தினூடாகச் சூரிய ஒளி விழுந்து அக்கல்லின்மீது நகருமாறு 1934இல் அதனைத் திறந்தோர் அமைத்தனர். இன்று கண்ணாடி ஒன்றின் துணையோடு அவ்வொளி விழுகின்றது. அது தொட்டுச் செல்லும் சொல், வீரம் அன்று, வெற்றியும் அன்று. அன்பு என்னும் சொல். அவ்வொளி எவரெவர்மீது விழ வேண்டும் என்பதை வகுப்பதில், இந்நாட்டின் குடிகளாகிய எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் இனிப் பங்குண்டு.